பசியிலிருந்து பருமனுக்கு: பேராக் தோட்டப் பிள்ளைகளின் மூன்று தலைமுறை வரலாறு



இன்றைய கட்டுரை வரலாற்றைப் பற்றியது. ஆனால், அதை எழுதத் தூண்டியது என் வகுப்பறையில் நான் செய்த ஒரு பிழை. ஆகவே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் மாணவர்களுக்குச் 'செகாக்' எனப்படும் உடற்றகுதிச் சோதனை நடத்தப்படுவதை ஆசிரிய நண்பர்கள் அறிவீர்கள். அதனுடன் எடையும் உயரமும் அளக்கப்படும். சில ஆண்டுகளுக்கு முன்பு, வேலை விரைவில் முடியட்டும் என்று, ஒவ்வொரு மாணவரின் எடையையும் நான் உரக்கச் சொல்ல, வகுப்புத் தலைவன் எழுதிக்கொண்டு வந்தான். ஒரு மாணவனின் எண்ணைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அவன் தலை குனிந்தபடி தராசிலிருந்து இறங்கினான். அடுத்த சோதனை நாளன்று அவன் பள்ளிக்கு வரவில்லை.

மறுநாள் அவனுடைய பாட்டி வந்தார். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். அவரிடம் பையனின் உணவைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

"வாத்தியாரே, நாங்க பட்டினியில வளந்தவங்க. என் பேரன் ஒருநாளும் பசியோட படுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அது தப்பா?"

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான், நம் பிள்ளைகளின் இன்றைய உடற்பருமனை மூன்று தலைமுறைக்கு முந்திய வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது விளங்கிற்று.

புழுங்கல் அரிசி காத்த மக்கள்

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்தைச் சேர்ந்த முதுமரம் ஒன்று அந்நகரின் மாவட்ட அலுவலகத்தருகே பாதுகாக்கப்பட்டு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகி ரப்பரின் விலை ஏறியதும், காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகளின் அழைப்பை நம்பித் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

அதே காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் உழைத்தனர். அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். வியப்பு என்னவென்றால், அதே மண்ணில், அதே மழையில் வாழ்ந்த தமிழரிடையே இந்நோய் மிக அரிதாக இருந்தது.

நெகிரி செம்பிலானில் மருத்துவராகப் பணியாற்றிய பிராடன், தமிழர் உண்ட புழுங்கல் அரிசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று 1907இல் எழுதினார். கோலாலம்பூரில் அமைந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டேண்டன் ஆகிய இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஜெலுபுவில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களுள் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினர். பச்சரிசி உண்டோரிடம் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் அரிசி உண்டோர் தப்பினர். இந்த ஆய்வு 1909இல் வெளிவந்தது.

காரணம் எளியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு எவ்வளவு தீட்டினாலும் அது முழுமையாக நீங்குவதில்லை. அச்சத்தை இன்று நாம் தயமின் அல்லது வைட்டமின் பி1 என்கிறோம். 'வைட்டமின்' என்ற சொல்லின் முதல் வடிவமே 1912இல்தான் பிறந்தது.

நம் பாட்டன்மார் வைட்டமின் பாடம் படித்துப் புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரில் உண்டதை இங்கும் உண்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பழக்கம், தான் காப்பது இன்னதென்று தெரியாமலேயே ஒரு மக்களைக் காத்தது. இப்படிப்பட்ட பழக்கம் கைவிட்டுப் போகும்போது, போனது தெரிவதில்லை. நோய் வந்த பின்னரே தெரிகிறது.

லயத்துப் பிள்ளைகளின் ஒரு நாள்

விடியுமுன் பெரட்டு. தாயும் தந்தையும் நிரைக்குப் போய்விடுவர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்கு. சற்றுப் பெரியவர்கள் தோட்டப் பள்ளிக்கு. ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அப்படித் தோன்றியவையே இன்று நம் மாநிலத்தில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர்.

பள்ளி முடிந்ததும் தண்ணீர் சுமத்தல், விறகு பொறுக்கல், ஆடு மாடு மேய்த்தல், தாய்க்குக் கைகொடுத்தல் என வேலைகள் காத்திருக்கும். எஞ்சிய பொழுதில் சடுகுடு, கிட்டிப்புள், பம்பரம், நொண்டி. ரப்பர் விதைகள் வெடித்துச் சிதறும் பருவத்தில் அவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் குத்தி, எவனுடைய கொட்டை உடைகிறது என்று பார்க்கும் ஆட்டம். இதற்கெல்லாம் காசு வேண்டியதில்லை. 'உடற்பயிற்சி' என்ற சொல்லும் வேண்டியதில்லை.

உணவோ சோறு, பருப்பு, கருவாடு, கொல்லையில் விளைந்த முருங்கைக்கீரை, பசலைக்கீரை, மரவள்ளிக்கிழங்கு. தோசையும் கறியும் பெரும்பாலும் பெருநாள்களில்தான்.

இதைப் படித்துவிட்டு, 'ஆகா, அந்தக் காலம் பொற்காலம்' என்று எண்ணிவிடாதீர்கள். வெறுங்காலோடு நடந்த பிள்ளைகளைக் கொக்கிப்புழு பீடித்தது. மலேரியா வாட்டியது. இரத்தச்சோகை பலரை வெளிறச் செய்தது. கூலியில் ஒரு பகுதியைக் கள்ளுக்கடை விழுங்கியது. முதல் பிறந்தநாளைக் காணாமலே மறைந்த குழந்தைகள் எத்தனையோ. லயத்துப் பிள்ளைகள் ஒல்லியாக இருந்தார்கள் என்றால், அவர்கள் நலமாக இருந்தார்கள் என்பது பொருளன்று. பலருக்கு அது பசியின் உருவம்.

பசி எழுதிய பாடம்

மேலும் மூன்று நிகழ்வுகள் அந்தத் தலைமுறையின் மனத்தில் பசியை ஆழப் பதித்தன.

முதலாவது, டின்பால். தாய்மார் வேலைக்குப் போக, இனிப்பூட்டிய டின்பாலைத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவியது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும் என்ற விளம்பரத்தை மக்கள் நம்பினர். சிங்கப்பூரில் பணிபுரிந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் ஒரு சங்கக் கூட்டத்தில் இவ்வழக்கத்தைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். இனிப்பை ஊட்டமென்று எண்ணிய மயக்கத்துக்கு நம் மண்ணில் இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு.

இரண்டாவது, போர். 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. மலாயா தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்தே பெற்று வந்தது. அந்த வரத்து அற்றுப்போனதும் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர் திரும்பவில்லை. தோட்டத்தில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் கிழங்கையும் கீரையையும் நம்பி மூன்றரை ஆண்டுகளைக் கடந்தனர்.

மூன்றாவது, அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அறிவிக்கப்பட்ட அது, 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கம்பிவேலிக்கு வெளியே உணவு கொண்டுசெல்லத் தடை இருந்தது. நிரைக்குச் சோற்றுப்பொட்டலம் எடுத்துச் செல்வதே குற்றமாகக் கருதப்பட்ட இடங்கள் உண்டு.

இத்தகைய காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், 'என் பிள்ளை வயிறு நிறைய உண்ண வேண்டும்' என்று எண்ணியது பிழையா? அன்று. அது வரலாறு அவர்களுக்குக் கற்பித்த பாடம். பருத்த குழந்தை அவர்களுக்கு நோயின் அறிகுறியாகத் தெரியவில்லை; துன்பம் தீர்ந்ததன் அறிகுறியாகத் தெரிந்தது. அந்தப் பாட்டியின் கேள்விக்குள் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது.

திடலில் ஓடிய கால்கள்

பசி ஒருபுறம் இருக்க, அக்காலத்துப் பேராக்கில் விளையாட்டுக்குக் குறைவில்லை. தோட்டத்திற்கு ஒரு திடல் இருக்கும். மாலையில் காற்பந்து நடக்கும். அண்டைத் தோட்டத்தோடு போட்டி என்றால் லயமே திரண்டு நிற்கும்.

கோலகங்சாரில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் மணி ஜெகதீசன். 1962இல் ஜக்கார்த்தா ஆசியப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966இல் பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் என மூன்று தங்கங்களைப் பெற்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 வினாடியில் ஓடியது, 2017 வரை தேசியச் சாதனையாக நிலைத்தது. மருத்துவம் பயின்ற அவர், பெரிபெரியை ஆராய்ந்த அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பின்னாளில் பணியாற்றினார்.

நம் மாணவர் அனைவரும் ஜெகதீசன் ஆகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓடுவதற்கு இடம் இருந்தால் பிள்ளைகள் ஓடுவார்கள். யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தோட்டம் கலைந்தது

ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில, வீடமைப்புத் திட்டங்களாயின. நம் மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர் முதலிய நகர்களின் ஓரங்களிலுள்ள மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தனர். விடுதலை பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டம் கலைந்ததும் பல பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது வேறிடம் சென்றன.

நாம் இழந்தது வேலையும் வீடும் மட்டுமா? திடல் போயிற்று. கொல்லைக் கீரை போயிற்று. நடந்து செல்லும் பள்ளி போயிற்று. தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை. தாய் பேரங்காடியில் மாலை வேலை. சாலையில் வண்டிகள் விரைவதால் பிள்ளையை வெளியே விட அச்சம். பள்ளி வேன் வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. பிறகு துணைப்பாட வகுப்பு, பிறகு கைப்பேசி. காலையில் சீனி கலந்த பானமும் ரொட்டியுமே பசியாறல். இரவில் கடையில் வாங்கிய பொரித்த மீகூன். அரிசியும் மாறிவிட்டது, இன்று பல வீடுகளில் வெள்ளை அரிசிதான்.

இதில் யாரைக் குறைசொல்வது? பெற்றோர் சோம்பேறிகளாகிவிடவில்லை, பிள்ளைகள் பெருந்தீனிக்காரர்களாகப் பிறக்கவும் இல்லை. காலடியில் இருந்த நிலம் மாறிவிட்டது.

எண்கள் சொல்வது

தேசிய நலவாழ்வு, நோய்நிலை ஆய்வு 2019இல் நடத்தப்பட்டது. அதன்படி, ஐந்து முதல் பதினேழு வயதுவரையுள்ள மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவர்! அதே ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனத்தவரிலும் இதுவே மிக உயர்ந்தது.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் புனே நகரில் மருத்துவர் யாஜ்னிக் தலைமையில் நடந்த ஆய்வு காட்டுகிறது. 1990களில் புனேயைச் சுற்றியுள்ள சிற்றூர்த் தாய்மாரையும் அவர்களின் பிள்ளைகளையும் அக்குழு ஆராயத் தொடங்கியது. அங்குப் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைந்தவை. ஆயினும், அவற்றின் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பளவில் மிகுதியாகவும் இருந்தன. கருவில் ஊட்டம் குன்றிய உடல், பின்னாளில் மிகுதியான உணவைச் சந்திக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது என்பது இத்துறை அறிஞர் பலரின் முடிவு.

இதை நம் வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். லயத்துப் பட்டினியும் இன்றைய பருமனும் எதிரெதிரானவை அல்ல. ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சியாகவும் இருக்கக்கூடும். பாட்டி பட்ட பசி பேரனின் உடலில் ஒரு கடனாக நிற்கிறது. நாம் சீனியைக் கொண்டு அந்தக் கடனுக்கு வட்டி சேர்க்கிறோம்.

ஆசிரியர்களாகிய நாம் செய்தவை

பிறரைக் குறைசொல்லும் முன் நம்மைப் பார்த்துக்கொள்வோம். 1988 முதல் 2021இல் நீக்கப்படும் வரை யு.பி.எஸ்.ஆர். தேர்வு நம் பள்ளிகளை ஆட்டிப்படைத்தது. ஆறாம் ஆண்டு மாணவரின் உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக் கணிதப் பயிற்சி நடத்திய ஆசிரியருள் நானும் ஒருவன். சரியான விடைக்கு மிட்டாய் பரிசளித்தவனும் நானே. எடையை உரக்கப் படித்து ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைத்ததையும் முன்பே சொன்னேன்.

அதன்பின் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். எவையும் பெரிய திட்டங்கள் அல்ல. பிற ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

1. எடை பார்ப்பது தனியிடத்தில். எண் எனக்கும் பெற்றோருக்கும் மட்டும். 'குண்டன்' என்ற பட்டப்பெயருக்கு வகுப்பில் இடமில்லை. வெட்கப்பட்ட பிள்ளை திடலுக்கு வரமாட்டான்.

2. உடற்கல்வி வேளையை எவருக்கும் கடன் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. பாடவேளை மட்டும் அதற்குப் போதாது. ஆகவே, மணியடிக்கும் முன்பே திடலைத் திறந்துவிடுகிறோம். சடுகுடுவும் நொண்டியும் மீண்டும் வந்துவிட்டன. இவற்றில் மெதுவாக ஓடுபவனுக்கும் இடமுண்டு.

3. சீனியைக் கணக்குப் பாடமாக்கினேன். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனியுள்ள 325 மில்லிலிட்டர் பானத்தில் 32 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். அது ஏறக்குறைய ஆறரைத் தேக்கரண்டி. மாணவர்களே அதை அளந்து கண்ணாடிக் குவளையில் கொட்டிப் பார்த்தார்கள். அறிவுரை செய்யாததை அந்தக் குவளை செய்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் வரி விதித்திருப்பதன் காரணமும் அவர்களுக்கு விளங்கியது. பலர் தண்ணீர்ப் புட்டி கொண்டுவரத் தொடங்கினர்.

4. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு போன்ற புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்ற நலவாழ்வு அமைச்சின் முறையைப் படமாக வரைந்து வீட்டுக்கு அனுப்பினோம். தட்டில் வரைந்தது நம் சமையல்தான்: சோறு, சாம்பார், கீரைப் பொரியல், பப்பாளி.

5. வளரும் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்வதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை குறைய வேண்டும் என்பதைவிட, உயரம் கூடும்வரை எடை விரைந்து ஏறாமல் இருப்பதே நோக்கம். மிகுந்த பருமன் இருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறோம்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருப்பதை நாம் அறிவோம். முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்டால் மருந்தே வேண்டியதில்லை என்பது அங்கு வள்ளுவர் தரும் அறிவுரை. மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம், அதைச் சிற்றுண்டிச்சாலையிலும் நினைவில் கொள்ளலாமே!

பாட்டிக்குச் சொன்ன பதில்

பல நாள் கழித்து அந்தப் பாட்டியை மீண்டும் சந்தித்தேன். "பாட்டி, பேரனைப் பட்டினி போடாமல் வளர்த்தது தப்பில்லை. ஆனால், உங்களிடம் பசி மட்டும் இல்லை. கீரையும் இருந்தது, ஓட்டமும் இருந்தது. பசியை அவனுக்குக் கொடுக்க வேண்டாம், மற்ற இரண்டையும் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். அடுத்த வாரம் ஒரு முருங்கைப் போத்தோடு பள்ளிக்கு வந்தார். அதை வேலியோரம் நட்டுவிட்டு, களையென்று நாங்கள் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தவற்றுள் எவையெல்லாம் கீரை என்று மாணவர்களுக்குக் காட்டினார். பேரன் அவருக்குப் பின்னாலேயே வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான்.

அவன் எடை குறைந்ததா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அடுத்த சோதனை நாளன்று அவன் பள்ளிக்கு வந்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அன்பர்களே, தோட்டம் நம் பிள்ளைகளுக்குத் துன்பத்தோடு சேர்த்துச் சில நன்மைகளைத் தற்செயலாகக் கொடுத்தது. அந்தத் தோட்டம் இனி இல்லை; அது திரும்பி வரவும் வேண்டாம். ஆனால், அது தற்செயலாகக் கொடுத்ததை நம் பள்ளிகளும் இல்லங்களும் இனித் திட்டமிட்டுக் கொடுத்தாக வேண்டும். பசியை வென்ற சமுதாயம் பருமனிடம் தோற்கலாமா?

உங்கள் தோட்டத்தில் விளையாடிய விளையாட்டுகளையும் உண்ட கீரைகளையும் உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லுங்கள். முடிந்தால் உடன் விளையாடுங்கள்.